நல்லெண்ணெயில் வந்த நஞ்சு

வைத்தியசாலையிலே நோயாளியின் கட்டிலருகே தொங்கும் அட்டையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பெயர், வயது, ஊர், தொழில், நோய் தொடங்கிய நாள், காய்ச்சலின் அளவு, கொடுத்த மருந்து என்று சில வரிகள் அதிலே எழுதப்பட்டிருக்கும். வைத்தியரின் கையெழுத்து நமக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆதலால் அதனை நாம் பொருட்படுத்துவதுமில்லை. ஆயினும் வைத்திய விஞ்ஞானம் என்னும் பெருமாளிகை அந்த அட்டைகளையே செங்கற்களாகக் கொண்டு எழுந்தது. ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்போடு இன்னொரு நோயாளியைப் பற்றிய குறிப்பை ஒப்பிட்டு, இருவருக்கும் பொதுவானது யாது என்று ஒரு வைத்தியர் சிந்திக்கத் தொடங்கும் அந்த வேளையிலேதான் ஆராய்ச்சி பிறக்கிறது.

கல்லூரியிலே போதிக்கும் எமக்கு வைத்திய சாஸ்திரத்திற் பயிற்சி இல்லை. ஆயினும் நாம் வாழும் மலைநாட்டின் கதை எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் படிக்கும் ஆவல் உண்டு. அவ்வாறு தேடும்போது, நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு நேர்ந்த துயரம் ஒன்று, இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் 1981ஆம் ஆண்டிலே பதிவாகியிருப்பதைக் கண்டோம். உலகத்து வைத்தியர்கள் அதனைப் படித்தார்கள். இன்றும் நச்சியல் நூல்கள் அதனை எடுத்துக்காட்டுகின்றன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நம்மவருள் அதனை அறிந்தவர் எத்தனை பேர்? அறிய வேண்டியவர்கள் நாம் அல்லவா? ஆதலின் அவ்வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

அன்பின் அடையாளமான எண்ணெய்

ஒரு பெண்பிள்ளை பூப்பெய்தினாள் என்றால் லயத்திலே அது ஒரு வீட்டுச் செய்தியாக மட்டும் இருப்பதில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து பாட்டி வருவாள், அத்தை வருவாள், தாய்மாமனுக்குச் சொல்லியனுப்புவார்கள். இடவசதி குறைந்த அந்தக் காம்பராவிலும் ஒரு மூலையைத் தடுத்து அவளுக்கென்று தனியிடம் ஒதுக்குவார்கள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் பார்ப்பார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்து நாளெல்லாம் மலையேறும் தாய், தன் கையிலுள்ள சில்லறையை எண்ணிப் பார்த்து, முட்டையும் உளுந்தும் நல்லெண்ணெயும் வாங்குவாள்.

இந்த மூன்றிலும் நல்லெண்ணெய்க்குத் தனிச்சிறப்பு உண்டு. களியிலே குழைத்துக் கொடுப்பதும் உண்டு. பச்சை முட்டையோடு சேர்த்து வாயிலே ஊற்றுவதும் உண்டு. இடுப்பெலும்பு வலுப்பெற வேண்டும், பின்னாளிற் பிள்ளைப்பேறு இலகுவாக அமைய வேண்டும் என்பது முதியோர் கருத்து. வீட்டிலுள்ள மற்றவர்கள் கறியைத் தாளிக்கும் அளவிலேதான் எண்ணெயை உபயோகிப்பார்கள். பூப்பெய்திய பெண்ணுக்கோ நாள் தவறாமல், தாராளமாக, அன்போடு வற்புறுத்திக் கொடுப்பார்கள். அவள் முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டார்கள். வறுமை மிகுந்த வாழ்க்கையிலே ஒரு பெண்பிள்ளைக்கு அவள் குடும்பம் முழுமனத்தோடு ஊட்டம் கொடுக்கும் சில நாட்கள் உண்டென்றால் அவை அந்த நாட்களேயாம்.

இவ்வழக்கம் நம்மவருக்குப் புதிதன்று. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரோடு நடந்துவந்த முன்னோர் தம்மோடு கொணர்ந்த வழக்கம் அது. பல தலைமுறைகளாக அது எவருக்கும் தீங்கு செய்ததில்லை.

கால்கள் சோர்ந்த பெண்கள்

1977, 1978ஆம் ஆண்டுகளில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றிலே, இளம்பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் விசித்திரமான ஒரு நோய்க்கு ஆளானார்கள். இந்நோய் தொடங்கும் விதம் இது: முதலிலே கெண்டைக்காலில் வலி தோன்றும். பின்னர்ப் பாதம் தன் வலுவை இழக்கும். நடக்கும்போது பாதத்தை உயர்த்த இயலாமல் விரல்கள் நிலத்தில் உராயும். ஆதலால் முழங்காலை மிக உயர்த்தி, பாதத்தைத் தொப்பென்று வைத்து நடக்க வேண்டியிருக்கும். சில நாட்களில் கைவிரல்களும் சோர்ந்துபோகும். பாத்திரத்தைப் பற்றுவதும் பொத்தானைப் பூட்டுவதும் கடினமாகும். ஆயினும் அறிவிலே தெளிவு குன்றுவதில்லை, பேச்சிலே தடையில்லை, தொட்டால் உணரும் உணர்ச்சியும் பெரும்பாலும் குறைவதில்லை. இயக்கும் நரம்புகளே குறிப்பாகக் கெட்டுப்போகின்றன.

மலைச்சரிவிலே கொழுந்து பறிப்பவளுக்குக் கால்களும் விரல்களுமே முதல். அவை போனால் சம்பளமும் போகும். பதின்ம வயதுப் பெண்ணாயின், திருமணம் பற்றிய பேச்சும் நின்றுபோகும். ஆகவே இது வலியோடு தீர்ந்துபோகும் ஒரு நோயன்று, ஒரு வாழ்க்கையின் போக்கையே மாற்றவல்ல நோய் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி ஒரு தாயின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். நேற்றுவரை துள்ளித் திரிந்த மகள், சடங்கு முடிந்த சிறிது காலத்தில் நடக்கமுடியாமல் விழுகிறாள். கண்ணேறு என்பார் ஒருவர்; தீட்டுக் காலத்திலே ஏதோ குற்றம் நேர்ந்தது என்பார் மற்றொருவர்; தெய்வக் குறை என்பார் இன்னொருவர். வெவ்வேறு தோட்டங்களிலே, வெவ்வேறு மலைகளிலே, ஒருவரையொருவர் அறியாத இருபது குடும்பங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே தன் தலைவிதியை நொந்துகொண்டு இருந்துவிட்டால், இருபது தனித் துயரங்களாக அவை மறைந்துபோயிருக்கும். அவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் கண் ஒன்று வேண்டியிருந்தது.

யார்? எங்கே? எப்போது?

அந்தக் கண் வைத்தியர் நிமால் சேனாநாயக்க, ஜே. ஜெயரத்தினம் ஆகியோரிடம் இருந்தது. முன்னவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியத் துறையைச் சேர்ந்தவர். நரம்பு நோய்களில் ஈடுபாடு மிக்கவர். பின்னவர் தொழிலாளரின் உடல்நலத்தையும் நச்சுப் பொருட்களால் விளையும் கேடுகளையும் ஆராய்ந்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையே நாம் மேலே குறிப்பிட்ட 'லான்செட்' கட்டுரை.

திடீரென்று கைகால்கள் சோர்வதற்குக் காரணங்கள் பல. இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ ஒன்று. அது அக்காலத்திலே இந்நாட்டில் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் சிறு குழந்தைகளைப் பற்றுவது, காய்ச்சலோடு வருவது, ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. உணவிலே தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவதால் வரும் பெரிபெரி இன்னொன்று. அது வந்தால் ஒரு குடும்பத்திலே பலருக்கு வரலாம். ஈயம், பாஷாணம் முதலிய நஞ்சுகளும் நரம்பைக் கெடுக்கும். கிருமி நோயொன்றின் பின் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோயும் உண்டு. இவற்றுள் எது என்று ஒரேயொரு நோயாளியை மாத்திரம் வைத்துக்கொண்டு முடிவு செய்தல் அரிது.

ஆனால் நோயாளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. நோயுற்றோர் இளம்பெண்கள். தகப்பன் நலமாக இருக்கிறான். தம்பி நலமாக இருக்கிறான். ஒரே கூரையின்கீழ் ஒரே பீலித் தண்ணீரைக் குடித்து ஒரே சட்டியிற் சோறுண்ணும் குடும்பத்திலே, பூப்பின் வாயிலைக் கடந்த பெண்ணை மட்டும் தேடிவந்து பற்றும் நோய் எது? அப்பெண் உண்டு, மற்றவர் உண்ணாதது யாது? அல்லது மற்றவர் சிறிதே உண்டு, அவள் மிகுதியாக உண்டது யாது? கேள்வியை இவ்வாறு அமைத்துவிட்டால் விடை அதன் வாயிலிலேயே நிற்கிறது. அது நல்லெண்ணெய்.

இதிலே இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, இந்நஞ்சு உடனே தன் வேலையைக் காட்டுவதில்லை. உண்டபின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்தே கால்கள் சோரும். அதற்குள் சடங்கு முடிந்துவிடும். எண்ணெய்ப் போத்தலும் தீர்ந்துவிடும். நேற்று உண்டது என்ன என்று கேட்கும் வைத்தியருக்கு உண்மை அகப்படாது. சென்ற மாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டாவது இடர்ப்பாடு நாணம். தான் பூப்பெய்தியதையும் அதற்காகக் கொடுக்கப்பட்ட பத்திய உணவையும் ஒரு பெண்பிள்ளை அந்நியரான வைத்தியரிடம் எளிதிலே சொல்வாளா? தாய்தான் சொல்வாளா? 'நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்றே இருவரும் எண்ணுவர். நோயின் காரணமோ, எவரும் சொல்லத்தக்கதென்று கருதாத அந்தச் செய்தியிலேதான் ஒளிந்திருந்தது.

எண்ணெயைப் பரிசோதித்தபோது அதிலே டிரைக்கிரெசில் பொஸ்பேற்று என்னும் இரசாயனப் பொருள் கலந்திருக்கக் காணப்பட்டது.

இயந்திரத்துக்கு உணவு, மனிதனுக்கு நஞ்சு

டிரைக்கிரெசில் பொஸ்பேற்று என்பது இயந்திரங்களுக்கு இடும் எண்ணெய்களிலே தேய்மானத்தைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படும் ஒரு பொருள். பிளாஸ்டிக்கை நெகிழச் செய்வதற்கும், தீப்பற்றாமற் காப்பதற்கும் உபயோகமாகும். அதற்கு நிறம் இல்லை என்றே சொல்லலாம், மணமும் இல்லை. தண்ணீரிலே கரையாது, எண்ணெயிலே இனிது கலக்கும். அடுப்பின் சூட்டிலே அழிந்துபோவதுமில்லை. நல்லெண்ணெயின் இயற்கை மணமும் நிறமும் அதனை முற்றாக மறைத்துவிடும். எத்தனை அநுபவம் மிக்க பாட்டியும் மோந்து பார்த்து அதனைக் கண்டுபிடிக்க இயலாது.

அது நல்லெண்ணெய்க்குள் வந்த வழி யாது? இயந்திர எண்ணெய் முதலிய கனிய எண்ணெய்களை முன்பு வைத்திருந்த கொள்கலங்களிலே சமையல் எண்ணெயை ஏற்றிச் சென்றதால் கலந்திருக்கலாம் என்பதே ஆராய்ந்தோர் கொண்ட முடிபு. எள் உலர்வலயத்துப் பயிர். மலைநாட்டின் குளிரிலே அது விளைவதில்லை. ஆகவே தோட்டத்துக்கு வரும் நல்லெண்ணெய் எங்கோ ஆட்டப்பட்டு, பல கைகள் மாறி, பல பாத்திரங்கள் மாறியே வந்து சேர்கிறது. அந்த நெடும்பயணத்திலே ஒரு பீப்பாய், ஒரு தகரம், சரியாகக் கழுவப்படவில்லை. அல்லது கழுவினாலும் உபயோகிக்கத் தகாததாயிருந்தது. யாரோ ஒருவருக்கு ஒரு பழைய தகரத்தால் மிஞ்சிய சில ரூபாய்க்கு, இருபதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் தம் கால்களை விலையாகக் கொடுத்தார்கள்.

உலகம் முன்பே கண்ட துன்பம்

இந்த நஞ்சு மலைநாட்டிலே முதன்முதல் தோன்றியதன்று. அமெரிக்காவிலே மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், ஜமேக்கா இஞ்சிச் சாறு என்னும் மருந்தை அதிலுள்ள மதுசாரத்துக்காகவே ஏழைகள் வாங்கிக் குடித்தார்கள். போஸ்டன் நகரத்து வியாபாரிகள் இருவர், அரசாங்கப் பரிசோதனையை ஏமாற்றும் பொருட்டு, இந்த இரசாயனப் பொருளை அதிலே கலந்தார்கள். 1930ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஒக்லகோமா நகரத்து வைத்தியர்கள், பாதம் தொங்கி நடக்கும் ஆடவர் பலர் தம்மிடம் வருவதைக் கண்டு வியந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் முடமானார்கள். அவ்வாண்டிலேயே மோரிஸ் ஸ்மித் என்னும் அரசாங்க விஞ்ஞானி நஞ்சு இன்னதென்று கண்டறிந்தார்.

1959ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் இவ்வாறே கால் சோர்ந்தார்கள். அமெரிக்க விமானத்தளமொன்றிலிருந்து கழிவாக விற்கப்பட்ட விமான இயந்திர எண்ணெயைச் சில வியாபாரிகள் ஒலிவ எண்ணெயோடு கலந்து விற்றதே காரணம். நம் நாட்டுச் சம்பவத்துக்குப் பத்தாண்டுகளின் பின்னர், 1988ஆம் ஆண்டிலே, கல்கத்தாவின் பேஹாலாப் பகுதியில் கடுகுவகை எண்ணெயொன்றை உண்ட சில நூறு பேருக்கு இதே நஞ்சு இதே கேட்டைச் செய்தது.

இவற்றோடு நம் மலைநாட்டு நிகழ்ச்சியை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. மெக்னெஸ் நகரத்திலே பதினாயிரம் பேர் வீழ்ந்தார்கள். அது உலகத்தின் கண்ணைத் தானே திறந்தது. நம் தோட்டங்களிலே வீழ்ந்தவர்களோ இருபதுக்குச் சற்று அதிகம், ஏழைகள், இளம்பெண்கள், மலைக்கு மலை சிதறியிருந்தவர்கள். பெருந்தொகையைக் காண்பதற்குக் கண் போதும். சிறுதொகையைக் காண்பதற்குக் கவனம் வேண்டும். அதனாலேயே இந்தச் சிறிய ஆராய்ச்சி எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நரம்பு அழியும் விதம்

முதுகின் அடிப்பகுதியிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்பிழை மனித உடலிலுள்ள மிக நீண்ட இழைகளுள் ஒன்று. அதற்கு வேண்டிய போஷணை யாவும் முண்ணாணிலுள்ள அதன் உயிரணுவிலிருந்தே செல்ல வேண்டும். மேற்கூறிய நஞ்சு, நரம்பிலுள்ள நொதியம் ஒன்றைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் விளைவாக இழையானது தன் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பட்டுக்கொண்டே வருகிறது. நீண்ட வாய்க்காலிலே நீர் குறைந்தால் கடைமடைதான் முதலிற் காயும். அதுபோலப் பாதம் முதலிலும் கை பின்னரும் சோர்கின்றன.

வெட்டிய தேயிலைச் செடி மீண்டும் துளிர்ப்பதுபோலக் கைகால்களிலுள்ள புற நரம்புகள் மெதுவாக மீண்டும் வளரும் இயல்புடையன. ஆனால் முண்ணாணுக்குள்ளே செல்லும் நரம்புப் பாதைகளுக்கு அந்த இயல்பு இல்லை. எனவே புற நரம்பு தேறிப் பாதத்துக்கு வலு வரத் தொடங்கும் வேளையிலே, முண்ணாணில் நேர்ந்த கேடு வெளிப்பட்டுக் கால்கள் விறைப்பதும் உண்டு. நோய் தீர்ந்தது என்று மகிழும் நேரத்திலே அது வேறுருவம் கொள்கிறது. வைத்தியர் சேனாநாயக்க இந்நோயாளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, நரம்புகளின் செயலை மின்கருவியால் அளந்து, தாம் கண்டவற்றை 1981ஆம் ஆண்டிலே தனியான ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். வீட்டுக்கு அனுப்பிய நோயாளியை மறந்துவிடாமல் மூன்றாண்டுகள் பின்தொடர்வது எளிய காரியமன்று. நோயின் முழு வரலாறும் அவ்வாறு காத்திருப்பவருக்கே தெரியவரும்.

குற்றவாளி யார்?

இச்செய்தியைக் கேட்கும் சிலர், 'பார்த்தீர்களா, இந்தச் சடங்கு சம்பிரதாயங்களாலே விளைந்த கேடு!' என்று கூற முற்படலாம். அது நியாயமன்று. வளரும் வயதுப் பெண்ணுக்கு ஊட்டமான உணவு வேண்டும் என்பதில் வைத்தியர்களுக்கும் நம் பாட்டிமாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எள்ளும் உளுந்தும் முட்டையும் நல்ல உணவுகளே. முட்டையைப் பச்சையாகக் கொடாமல் அவித்துக் கொடுத்தல் நன்று என்பதொன்றே இக்கால வைத்தியம் வேண்டும் திருத்தம். குற்றம் வழக்கத்திலும் இல்லை, தாயிடத்திலும் இல்லை. குற்றம் தகரத்தில் இருந்தது. தகரத்தின் குற்றத்தைத் தாயின் தலையிலே சுமத்தாமல் விடுவித்ததும் அந்த ஆராய்ச்சியின் பயன்களுள் ஒன்றாகும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதென்று ஆராய்வதோடு நில்லாமல் அதனை விளைத்த காரணத்தையும் ஆராயும்படி வைத்தியனுக்கு அறிவுறுத்துகிறார். கால் சோர்ந்தது என்பது நோய். நரம்பு கெட்டது என்பது அதன் இயல்பு. நஞ்சு கலந்த எண்ணெய் என்பது காரணம். இம்மூன்றாவது படிவரை ஏறியவருக்கே அடுத்த வீட்டுப் பெண்ணைக் காப்பாற்ற முடியும்.

தேயிலைத் தூசும் தளரும் கழுத்தும்

மலைநாட்டோடு தொடர்புடைய வேறு இரண்டு ஆராய்ச்சிகளையும் இங்கே சுருக்கமாகக் குறிப்பிடலாம். இரண்டும் வெவ்வேறு துறையைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டிலும் வழி ஒன்றே.

தேயிலைத் தொழிற்சாலையிலே சலிக்கும் பகுதிக்குட் சென்றவர்கள் அங்கே மிதக்கும் மெல்லிய தூசை அறிவார்கள். இளங்கொழுந்தின் மேலுள்ள நுண்ணிய மயிர்களும் அத்தூசிலே உண்டு. நெஞ்சுநோய் வைத்தியரான சி. ஜி. ஊரகொட, தேயிலைத் தயாரிப்பாளர் ஒருவருக்கு இத்தூசினால் உண்டான ஆஸ்துமாவைப் பற்றி 1970ஆம் ஆண்டிலே எழுதினார். வேலைக்குப் போனால் இழுப்பு, விலகியிருந்தால் நலம் என்பதே இத்தகைய தொழில்நோய்களை இனங்காட்டும் அடையாளம். அவர் ஒருவரோடு நிற்கவில்லை. தேயிலைத் தொழிலாளர் பலரைப் பரிசோதித்து 1980ஆம் ஆண்டிலே மற்றுமொரு கட்டுரை எழுதினார். வைத்தியர் நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்?' என்று கேட்பது வெறும் உபசாரத்துக்காக அன்று என்பதை இது விளக்குகிறது.

மற்றது பூச்சிநாசினி பற்றியது. நுவரெலியாப் பகுதியிலே கோவாவும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிப்போர் நன்கறிந்த பொருள் அது. பூச்சிநாசினிகளுட் பல, மேலே சொன்ன நஞ்சைப் போலவே, பொஸ்பரஸ் சேர்ந்த சேதனச் சேர்வைகள். அவற்றை உட்கொண்டவர் முதல் நாள் ஆபத்திலிருந்து தப்பிவிட்டால் பிழைத்தார் என்று எண்ணுவது முன்னைய வழக்கம். அதே சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் பத்து நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, 1987ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியப் பத்திரிகையொன்றில் ஒரு புதிய உண்மையை வெளியிட்டார்கள். நஞ்சு உட்கொண்ட ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள், தேறிவருவதுபோலத் தோன்றிய நோயாளிக்குக் கழுத்து தளர்கிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிவதில்லை. பின்னர் மூச்சுவிடும் தசைகள் சோர்கின்றன. இந்தச் சமயத்திலே செயற்கைச் சுவாசம் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். கவனியாது விட்டால் உயிர் போய்விடும். முதற்கட்டத்துக்கும் பிற்கட்டத்துக்கும் நடுவே வருவதாதலின் இதற்கு 'இடைநிலை நோய்க்குறி' என்று பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் வைத்திய மாணவர்கள் இதனைப் படிக்கிறார்கள். பத்துப் பேரைக் கவனித்த கவனம் எத்தனையோ உயிர்களுக்குக் காவலாகியது.

கேட்கும் காதும் சொல்லும் வாயும்

இவற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது யாது? பெருங்கருவிகள் வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும் நல்லெண்ணெயைச் சந்தேகிக்கும்படி செய்தது கருவியன்று. நோயுற்றவரின் வாழ்க்கையை அறிந்த அறிவு. எண்ணெயைப் பரிசோதிக்க வேண்டும் என்று தோன்றிய பின்னரே இரசாயனக் கருவிக்கு வேலை வந்தது. அந்த எண்ணம் தோன்ற வேண்டுமாயின், நோயாளி சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும்.

மலைநாட்டிலே இந்த மூன்றாவது தேவை இன்றும் முழுமையாக நிறைவேறவில்லை. தோட்டத்துத் தாய் தமிழிலே சொல்வதைப் புரிந்துகொள்ள இயலாத வைத்தியர்கள் இன்றும் உளர். நடுவிலே நின்று மொழிபெயர்ப்பவர் பத்து வாக்கியங்களை ஒரு வாக்கியமாக்கிச் சொல்லும்போது, உதிர்ந்துபோகும் ஒன்பது வாக்கியங்களுள் 'நல்லெண்ணெய்' என்னும் சொல்லும் இருந்துவிட்டால் என்ன செய்வது? வைத்தியர்கள் தமிழ் கற்பதும், நம் பிள்ளைகள் வைத்தியராவதும், தாதியராவதும், இந்த நோக்கிலே பார்த்தால் பெருமைக்கான விஷயங்கள் மட்டுமல்ல, உயிர்காக்கும் காரியங்களேயாம்.

இல்லத்தரசிகள் மனத்திற்கொள்ளத்தக்க சில செய்திகளையும் இங்கே சொல்லிவைப்போம். எண்ணெயை நம்பிக்கையான இடத்திலே, முத்திரை உடையாத போத்தலில் வாங்குங்கள். சில்லறையாக வாங்க நேர்ந்தால், அது எந்தப் பாத்திரத்திலிருந்து அளக்கப்படுகிறது என்று கண்ணாற் பாருங்கள். இயந்திர எண்ணெய், பூச்சிநாசினி, வர்ணப்பூச்சு முதலியன இருந்த தகரத்தையோ பிளாஸ்டிக் கலனையோ, எத்தனை முறை கழுவியிருந்தாலும், உணவுக்கும் குடிநீருக்கும் உபயோகிக்காதீர்கள். சந்தேகம் தோன்றினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவிக்கத் தயங்காதீர்கள். கலப்பட உணவை விற்பதைத் தடுக்க 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இந்நாட்டிலே உண்டு. வீட்டில் எவருக்கேனும் திடீரென்று கைகால் சோர்ந்தால் நாள் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சென்ற ஒரு மாதத்தில் உண்டது, குடித்தது, பூசியது, செய்த வேலை ஆகிய யாவற்றையும் கேளாமலே சொல்லுங்கள். மிஞ்சிய எண்ணெயோ மருந்தோ இருந்தால் போத்தலோடு எடுத்துச் செல்லுங்கள். சொல்ல வெட்கமானது, சொல்லத் தகாதது என்று ஒன்றையும் ஒளிக்காதீர்கள்.

அப்பெண்பிள்ளைகளின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் இல்லை, இருத்தலும் முறையன்று. அவர்களை வயதாலும் நோயின் குறிகளாலும் மட்டுமே உலகம் அறியும். இன்று அவர்கள் அறுபது வயதை அண்மிய தாய்மாராக, பாட்டிமாராக இருப்பார்கள். அவர்கள் பட்ட துன்பத்தாலே, எண்ணெய் செல்லும் பாத்திரமும் ஒரு நோய்க்குக் காரணமாகலாம் என்பதை வைத்திய உலகம் மீண்டும் ஒருமுறை கற்றுக்கொண்டது. அவர்கள் நடந்த மலைச்சரிவுகளிலே இன்று நடக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தத் துன்பம் மீண்டும் நேராமற் பார்த்துக்கொள்ளுதல், கடையிலே எண்ணெயை அளப்பவர் முதல் கட்டிலருகே அட்டையை எழுதுபவர் வரை, நம் எல்லோருக்கும் உரிய கடமையாகும்.